உள்ளுக்குள் ஓர் எகிப்து

பெங்களூரில் ஜீவனஹள்ளியை அடுத்த குக் டவுனில், ஹட்சின்ஸ் சாலையின் குறுக்குத் தெரு ஒன்றில் ஒரு தேவாலயம் இருக்கிறது. கோபுரமணி, கூர்வளைவு ஜன்னல் என்று கன்டோன்மென்ட் தேவாலயங்களுக்கு உரிய அடையாளங்களை அங்கே தேடினால் ஏமாற்றம்தான். கட்டடம் இந்தியக் கோயிலின் சாயலில் எழுந்தது. ஓவியர் ஜோதி சாஹியின் கைவண்ணமும் அதில் உண்டு. 1967இல் தொடங்கிய கத்தோலிக்கத் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தின் ஆலயம் அது. 

அந்த மையத்தை நிறுவியவர் ஒரு தமிழர், அருள்தந்தை அமலோற்பவதாஸ். பெங்களூர்ப் பேராயராக இருந்து பிற்பாடு கர்தினாலான சைமன் லூர்துசாமியின் தம்பி. 1969இல் ரோம் பன்னிரண்டு வழிபாட்டு மாற்றங்களுக்கு அனுமதி தந்ததன் பின்னணியில் அவருடைய உழைப்பு பெரிது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்வது, கைகூப்பி வணங்குவது, குத்துவிளக்கு, ஆரத்தி எல்லாம் அப்படித்தான் பூசைக்குள் வந்தன. 1974 டிசம்பரில் இன்னும் ஒரு படி மேலே போனார். பிற சமய நூல்களைக் கிறிஸ்தவ வழிபாட்டில் வாசிக்கலாமா என்று அந்த வளாகத்திலேயே ஓர் ஆய்வரங்கம் கூட்டினார். எதிர்ப்பு வராமல் இருக்குமா? இந்தியத் திருச்சபையைப் புறச்சமயமாக்குகிறார்கள் என்று சென்னையிலிருந்து விக்டர் குழந்தை ஒரு புத்தகமே எழுதினார்.

சண்டை பெரும்பாலும் விளக்கையும் ஆரத்தியையும் பற்றியே நடந்தது. அமலோற்பவதாஸின் நாட்டமோ போகப்போக உள்முகமாகத் திரும்பியது. பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவவியல் துறைக்குப் பொறுப்பேற்று, அஞ்சலி ஆசிரமத்தையும் அமைத்தார். வேதத்தைக் கேட்பவர் தன் உள்ளத்தின் ஆழத்துக்கு இறங்க வேண்டும் என்பதே அங்கே பயிற்சி. 1990இல் சாலை விபத்தில் இறக்கும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

வேதக் கதைகளை மனத்துக்குள் நடப்பவையாக வாசிப்பது அமெரிக்கச் சரக்கு என்றொரு எண்ணம் இப்போது பரவலாக இருக்கிறது. பார்படோஸில் 1905இல் பிறந்து அமெரிக்காவில் பேசிப் புகழ்பெற்ற நெவில் கொடார்டு அதற்குக் காரணம். கற்பனையே கடவுள், பைபிள் முழுக்க ஓர் உளவியல் நாடகம் என்றார் அவர். ஆனால் அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் ஃபைலோ, ஆபிரகாம் ஊரைவிட்டுக் கிளம்பியதைப் புலன்களை விட்டு ஆன்மா கிளம்பியதாக விளக்கி இரண்டாயிரம் ஆண்டு ஆகிறது. தமிழரிடத்திலும் இது கொடார்டுக்கு முந்தியது. கொடார்டு பிறப்பதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1898இல், மத்தேயு நற்செய்திக்கு இப்படி ஓர் உரை வெளிவந்துவிட்டது. உரைகாரர் பரானந்தா. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரல் பொன்னம்பலம் இராமநாதன்!

இராமநாதன் பழுத்த சைவர். தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகளின் சீடர். மதம் மாறும் யோசனையே இல்லாமல் பைபிளுக்கு உரை சொன்னவர். இயேசு அவருக்கு ஒரு ஞானி. நற்செய்தி, ஆன்மா பக்குவப்படும் வரலாறு. அவர் சொல்லச் சொல்லக் கேட்டுப் பதிப்பித்தவர் ஆஸ்திரேலியப் பெண்மணி ஆர். எல். ஹாரிசன். அவரே பின்னாளில் லீலாவதி இராமநாதன் ஆனார். 1902இல் யோவான் நற்செய்திக்கும் உரை வந்தது. 1905–06இல் அமெரிக்கா போய், பைபிளோடு வளர்ந்தவர்களுக்கே அதன் உட்பொருளைச் சொல்லித்தந்தார். மிஷனரிப் பள்ளிகள் செழித்த இலங்கையிலிருந்து ஒரு சைவர் அங்கே போய்ப் பேசியதற்குக் கொஞ்சம் துணிச்சலும் வேண்டும்.

கொடார்டுக்கும் இவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கொடார்டிடம் போனவர் வேண்டியதை அடையக் கற்றார். இராமநாதனிடம் போனவர் வேண்டும் என்பதையே விடக் கற்றார். உட்பொருள் காண்பது என்ற பெயரில் இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது சரியில்லை.

உள்முக வாசிப்புக்கு வலுவான கேள்வி எழுந்ததும் இதே பெங்களூரில்தான். 1981 ஏப்ரலில், மில்லர்ஸ் சாலையின் ஐக்கிய இறையியல் கல்லூரியில் இறையியலாளர் அர்விந்த் நிர்மல் ஓர் உரை நிகழ்த்தினார். தலித் இறையியலின் தொடக்கமாக இன்று சொல்லப்படும் உரை அது. சமஸ்கிருத மரபை மட்டுமே 'இந்தியம்' என்று எடுத்துக்கொண்ட கிறிஸ்தவ இறையியல், சபையில் பெரும்பான்மையான ஒடுக்கப்பட்டவர்களை மறந்துவிட்டது என்பது அவர் வாதம். பிற்பாடு உபாகமம் 26ஆம் அதிகாரத்தில், எகிப்தில் அடிமைப்பட்டு மீண்ட மூதாதையரை நினைத்து இஸ்ரவேலர் செய்யும் அறிக்கையை எடுத்து, அதைத் தலித் வரலாற்றோடு பொருத்திக் காட்டினார். சேரியில் பிறந்தவருக்கு எகிப்து மனத்துக்குள் இருக்கும் ஒரு நிலை இல்லை. அது ஊர், பார்வோனுக்கும் முகம் உண்டு.

அமலோற்பவதாஸ் இதை அறியாதவர் அல்ல. புதிய சமுதாயத்துக்கான போராட்டத்தில் இந்தியத் திருச்சபை என்ற தலைப்பில் ஆய்வரங்கு கூட்டியவர். அதன் கட்டுரைத் தொகுப்பு 1981இலேயே அவர் பதிப்பில் வந்தது. இராமநாதன் அப்படியில்லை. ஆன்ம விடுதலையை அத்தனை நுட்பமாக வாசித்தவர், 1920களின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு எல்லோருக்கும் வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது எதிர்த்து நின்றார். 1930இல் அவர் காலமானார். மறு ஆண்டு இலங்கையில் சர்வஜன வாக்குரிமை வந்தது.