இந்தியாவில் வெங்காய விலை உயர்வு

இந்தியாவில் வெங்காய விலை உயர்வு என்பது, அந்நாட்டில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய வெங்காயத்தின் சில்லறை விலை குறுகிய காலத்தில் பன்மடங்காக ஏறுவதையும், அதனால் எழும் மக்கள் கவலையையும் குறிக்கும். 2012 ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் வெங்காயத்தின் பங்கு ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. ஆயினும் ஏழை, செல்வர் வேறுபாடின்றி நாள்தோறும் சமையலில் பயன்படுவதால், இதன் விலை பொதுவான விலைவாசியின் அடையாளமாகவே கருதப்படுகிறது.

காரணங்கள்

இந்தியாவில் வெங்காயம் மிகுதியாக விளையும் மாநிலம் மகாராட்டிரம் ஆகும். அங்கு நாசிக் மாவட்டத்திலுள்ள லாசல்காவ் மொத்த விற்பனைச் சந்தையின் விலை பிற மாநிலங்களிலும் எதிரொலிக்கும். ஆண்டு விளைச்சலின் பெரும்பகுதி ராபி பருவத்தில், ஏப்ரல் மாதத்தையொட்டி அறுவடையாகிறது. அக்டோபர் வாக்கில் காரிப் பருவப் பயிர் வரும்வரை, சேமித்து வைத்த ராபி வெங்காயமே நாட்டின் தேவையை ஈடுசெய்கிறது. சேமிப்பின்போது ஒரு பகுதி அழுகியும் முளைவிட்டும் வீணாகிறது. இந்நிலையில் மழையால் காரிப் பயிர் அழிந்தாலோ தாமதமானாலோ தட்டுப்பாடு உண்டாகிறது. விலை ஏறினாலும் மக்கள் வாங்கும் அளவு பெரிதாகக் குறைவதில்லை. எனவே வரத்தில் ஏற்படும் சிறு குறைவும் விலையைப் பெரிதும் உயர்த்துகிறது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

* 1980: மக்களவைத் தேர்தல் பரப்புரையில் இந்திரா காந்தி வெங்காய விலையைப் பயன்படுத்தினார். தேர்தலில் அவரது கட்சி வென்றது.
* 1998: தில்லியில் விலை கிலோ 50 ரூபாயைத் தாண்டியது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் ஆளும் பாரதிய ஜனதா கட்சி தோற்றதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.
* 2010: டிசம்பரில் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாக்கித்தானிலிருந்து வெங்காயம் இறக்குமதியானது.
* 2019: மகாராட்டிரம், கருநாடகம் ஆகிய மாநிலங்களில் பெய்த கனமழையால் பயிர் அழிந்தது. டிசம்பரில் சென்னை உட்படப் பல நகரங்களில் விலை கிலோ 100 ரூபாயைக் கடந்தது. எகிப்து, துருக்கி நாடுகளிலிருந்து வெங்காயம் வரவழைக்கப்பட்டது.

அரசின் நடவடிக்கைகள்

ஏற்றுமதித் தடை, ஏற்றுமதி வரி, வணிகர்களின் இருப்புக்கு வரம்பு, இறக்குமதி ஆகியவை வழக்கமான நடவடிக்கைகள் ஆகும். 2014-15 இல் விலை நிலைப்படுத்தல் நிதியம் உருவாக்கப்பட்டது. இதன்கீழ் அரசு ராபி வெங்காயத்தை வாங்கி இருப்பு வைத்து, தட்டுப்பாட்டின்போது சந்தையில் விடுகிறது. ஆகத்து 2023 இல் இந்த இருப்பின் இலக்கு 3 இலட்சம் டன்னிலிருந்து 5 இலட்சம் டன்னாக உயர்த்தப்பட்டது.

உழவர்கள் மீதான விளைவு

நுகர்வோரைக் காக்கும் ஏற்றுமதித் தடை உழவரின் வருவாயைக் குறைக்கிறது. விளைச்சல் மிகும் ஆண்டுகளில் விலை வீழும்போதும் இழப்பு அவர்களையே சேர்கிறது. டிசம்பர் 2018 இல் நாசிக் பகுதி உழவர்கள் சிலருக்குக் கிலோவிற்கு 2 ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. டிசம்பர் 2023 இல் விதிக்கப்பட்ட ஏற்றுமதித் தடை மே 2024 இல் நீக்கப்பட்டது. எனினும் 40 விழுக்காடு ஏற்றுமதி வரி தொடர்ந்தது. அவ்வாண்டு மக்களவைத் தேர்தலில் நாசிக், திண்டோரி தொகுதிகளில் ஆளும் கூட்டணி தோற்றதற்கு உழவர்களின் அதிருப்தியும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. பின்னர் 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட அவ்வரி, ஏப்ரல் 1, 2025 முதல் முற்றிலும் நீக்கப்பட்டது.

வங்காளதேசம், இலங்கை ஆகிய நாடுகள் இந்திய வெங்காயத்தைப் பெருமளவு வாங்குவதால், இந்தியா விதிக்கும் தடை அந்நாடுகளிலும் விலையை உயர்த்துகிறது.