சிடி ஓடும், டிவிடி ஓடாது

யுஎஸ்பி வயரில் தொங்கும் வெளி டிவிடி டிரைவைப் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பாட்டு சிடி போட்டால் பாடுகிறது. டிவிடி போட்டால் நாலைந்து முறை உறுமிவிட்டு, உள்ளே தகடே இல்லை என்கிறது. பழுது பார்க்கும் கடையின் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: லென்ஸ் போச்சு. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் லென்ஸில் படிகிற தூசு சிடி எது, டிவிடி எது என்று பார்த்துப் படிவதில்லை. இன்றைய டிரைவ்களில் இரண்டு தகடுகளையும் படிக்கும் ஒளி ஒரே லென்ஸ் வழியாகத்தான் போகிறது. அப்படியிருக்க, ஒன்று ஓடி மற்றொன்று ஏன் நின்றுபோகிறது? இந்தப் பழுதில் பெரும்பங்கு அந்தப் பெட்டிக்குள் உண்டானதல்ல என்பது என் கட்சி. 1995-க்கும் 2012-க்கும் இடையே பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட சமரசங்களும் சிக்கன முடிவுகளும்தான் அந்தப் பெட்டியில் பழுதாக வெளிப்படுகின்றன. அந்தக் கதை தெரிந்தவர் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுப்பதற்கு முன் வேறு மூன்று நான்கு இடங்களைப் பார்த்துவிடுவார்.

1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சிடி தாராள மனம் கொண்ட தொழில்நுட்பம். 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர், 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு, ஒன்றுக்கொன்று 1.6 மைக்ரான் தள்ளி ஓடும் தடங்கள், மிகச் சிறிய குழிகூட 0.83 மைக்ரான் நீளம். கொஞ்சம் கீறலும் கொஞ்சம் சாய்வும் அதற்குப் பொருட்டல்ல. அடுத்த தலைமுறைத் தகட்டுக்கு 1990-களின் நடுவில் இரண்டு அணிகள் மோதின. சோனியும் பிலிப்ஸும் முன்வைத்த தகடு சிடியின் 1.2 மில்லிமீட்டர் தடிமனையே வைத்துக்கொண்டது, கொள்ளளவு 3.7 ஜிபி. தோஷிபா, டைம் வார்னர் அணியின் தகடு தலா 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்தது. கொள்ளளவு 5 ஜிபி. முழுநீளத் திரைப்படம் ஒன்று ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்பது ஹாலிவுட்டின் கோரிக்கை. டிவிக்கும் கணினிக்கும் ஒரே தகடு போதும், இரண்டு வேண்டாம் என்பது ஐபிஎம், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் முதலிய கணினி நிறுவனங்களின் நெருக்குதல். ஐபிஎம் தலைவர் லூ கெர்ஸ்ட்னர் நடுவில் நின்று பேசியதில் 1995 செப்டம்பரில் உடன்பாடு வந்தது. ஒட்டுத் தகடும் பிழை திருத்தும் முறையும் தோஷிபா அணியிடமிருந்து வந்தன. தரவைக் குழிகளாக மாற்றும் குறிமுறை பிலிப்ஸ் பொறியாளர் கீஸ் இம்மிங்க் உருவாக்கியது. அதற்காக விட்டுக்கொடுத்ததில் 5 ஜிபி 4.7 ஜிபி ஆயிற்று.

கொள்ளளவில் குறைந்தது பற்றி அன்று நிறையப் பேசினார்கள். தடிமன் மாறியது பற்றி அவ்வளவாகப் பேச்சு எழவில்லை. பழுதின் வேர் இருப்பது அங்கேதான். டிவிடியின் தடங்களுக்கு இடையே 0.74 மைக்ரான்தான், குழி 0.40 மைக்ரான் வரை சிறுத்துவிட்டது. இதைப் படிக்க 650 நானோமீட்டர் சிவப்பு லேசரும், ஒளியை இன்னும் கூர்மையாகக் குவிக்கும் லென்ஸும் வேண்டும். கூர்மை கூடக்கூட, தகடு லேசாகச் சாய்ந்தாலும் ஒளிப்புள்ளி கலங்கிவிடும். அந்தக் கலக்கத்தை அடக்கத்தான் 0.6 மில்லிமீட்டர். முடிவில் தவறில்லை. ஆனால் வீட்டில் குவிந்திருந்த சிடிக்கள் எல்லாம் 1.2 மில்லிமீட்டர். ஒரே கருவி இரண்டு தடிமன்களுக்குள் குவிய வேண்டியதாயிற்று. மட்சுஷிதா ஒரே லென்ஸில் இரண்டு குவியங்களை அமைத்தது. வேறு சிலர் இரண்டு லென்ஸ்களை வைத்து மாற்றி மாற்றிக் கொண்டுவந்தார்கள். அதோடும் தீரவில்லை. வீட்டில் எழுதும் சிடி-ஆர் தகடுகளின் சாயம் 780 நானோமீட்டர் ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். முதல் தலைமுறை டிவிடி பிளேயர்கள் பல, சிடி-ஆர் முன்னால் குருடாக நின்றன. ஆகவே பழைய அகச்சிவப்பு லேசரும் புதிய சிவப்பு லேசரோடு அதே பெட்டிக்குள் குடியேறியது. சிடி ஓடி டிவிடி ஓடாத டிரைவில் நாம் பார்ப்பது இந்த இரட்டைக் குடித்தனத்தைத்தான். இரண்டு லேசர்களும் ஒன்றாகத் தேய்வதில்லை. எழுதும் வேலையில் அதிகம் வாட்டப்பட்ட சிவப்பு லேசர் முதலில் சோர்ந்துபோகலாம். அகச்சிவப்பு லேசர் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: தூசும் வயதும்தானே காரணம், வரலாறு லென்ஸைத் துடைக்குமா? துடைக்காது. தூசும் வயதும் காரணங்கள் என்பதை மறுக்கவும் இல்லை. ஆனால் அதே தூசு சிடியை விட்டுவிட்டு டிவிடியை மட்டும் வீழ்த்துவது, டிவிடியில் தவறுக்கு விட்ட இடம் குறைவு என்பதால். அந்த இடத்தைக் குறைத்தது இயற்கையல்ல, ஓர் உடன்படிக்கை. இன்னொன்றும் உண்டு: ஒரு டிரைவ் சில டிவிடிக்களைப் படித்துச் சிலவற்றை மறுத்தால், லென்ஸ் மீது மட்டும் பழியைப் போட முடியாது. தகட்டின் வகையைப் பார்க்க வேண்டும்.

வகைகள் பெருகியது இரண்டாவது சண்டையில். எழுதக்கூடிய டிவிடிக்கு 1997-இல் பயனியர் கொண்டுவந்தது மைனஸ் ஆர். சோனி, பிலிப்ஸ், எச்பி, ரிக்கோ, யமஹா முதலியோர் தனி அணி கட்டிக்கொண்டு பிளஸ் வகையை இறக்கினார்கள்; பிளஸ் ஆர் 2002-இல் கடைக்கு வந்தது. இரண்டையும் எழுதும் டிரைவ் ஒன்றை அதே ஆண்டில் சோனியே விற்றதிலிருந்து அந்தப் பிரிவினை எவ்வளவு வீண் என்பது தெரியும். பழைய பிளேயர்கள் பிளஸ் ஆர் தகட்டை இனம் காணாமல் தள்ளின. அதனால் தகட்டின் தொடக்கத்தில் உள்ள வகைக்குறியை மாற்றி, அச்சடித்த டிவிடி என்று பொய் சொல்ல வைக்கும் வசதியை டிரைவ் செய்பவர்களே கொடுத்தார்கள். ஒளியைத் திருப்பி அனுப்புவதிலும் ஏற்றத்தாழ்வு. ஒற்றை அடுக்குத் தகடு 45 முதல் 85 விழுக்காடு ஒளியைத் திருப்பும். 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்குத் தகடும், அழித்து எழுதும் ஆர்டபிள்யூ தகடும் 18 முதல் 30 விழுக்காடுதான். ஆர்டபிள்யூவை இரட்டை அடுக்கு என்று எண்ணி, இல்லாத அடுக்கைத் தேடிக் களைத்த பிளேயர்களும் இருந்தன. படம் பாதிவரை ஓடி, லேசர் அடுத்த அடுக்குக்குத் தாவும் இடத்தில் உறைந்து நிற்பதும் இந்த வகைக் கோளாறே. தமிழ்நாட்டில் இதற்குத் தனிக் கிளைக்கதை உண்டு. வீடியோ திருட்டையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்து அரசு 2004-இல் திருத்தம் செய்யும் அளவுக்குத் திருட்டுத் தகடு வணிகம் வளர்ந்திருந்தது. சென்னை பர்மா பஜார் அதற்குப் பேர்போன இடம். மலிவான சாயத் தகட்டில் அவசரமாக பர்ன் செய்து, பிளாஸ்டிக் உறையில் வெயிலில் கிடந்த டிவிடியை இன்றைய டிரைவ் படிக்காவிட்டால் டிரைவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சாயம் வெளுத்துப்போயிருக்கும்.

இன்னும் வலுவான மறுப்பு இது: வரவேற்பறை டிவிடி பிளேயர் இதே தகடுகளைப் பல ஆண்டுகள் அலுங்காமல் ஓட்டியதே, உடன்படிக்கையில் கோளாறு என்றால் அது எப்படி ஓட்டியது? அந்த பிளேயருக்குச் சுவரிலிருந்து மின்சாரம் வந்தது, படம் ஓட்ட மெதுவாகச் சுழன்றால் போதும், பெட்டியும் கனமானது. வெளி டிரைவுக்கு இந்த மூன்றும் வாய்க்கவில்லை. மடிக்கணினிக்கென்று மெலிதாகச் செய்த டிரைவைப் பிளாஸ்டிக் கூட்டில் போட்டு, யுஎஸ்பி பலகை ஒன்றைச் சேர்த்ததுதான் அது. பழைய யுஎஸ்பி 1.1-இன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். பாட்டு சிடிக்கு 1.4 மெகாபிட் போதும். டிவிடிக்கு அடிப்படை வேகத்திலேயே 11 வேண்டும். 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0 வேகத்தைத் தீர்த்தது, மின்சாரத்தைத் தீர்க்கவில்லை: 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், அதாவது இரண்டரை வாட். மோட்டாரைச் சுழற்றிக் கிளப்பும் கணத்தில் மெலிந்த டிரைவ்கூட இதைத் தாண்டும். இரண்டு முனைகள் கொண்ட ஒய் கேபிள் அதனால்தான் பிறந்தது. 2008-இல் மேக்புக் ஏர் டிரைவே இல்லாமல் வந்தபோது, ஆப்பிள் தனியே விற்ற வெளி டிரைவ் வேறு மேக்குகளில் ஓடவில்லை. அந்த மாடலின் துளை மட்டுமே கூடுதல் மின்சாரம் தந்தது. ஹப்பில் செருகிய டிரைவில் மின்னழுத்தம் சரிந்தால், குவியத்தை விடாமல் திருத்திக்கொண்டிருக்கும் சுற்று தடுமாறும். சிடியின் தாராளம் அந்தத் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும், டிவிடி பொறுக்காது. ஹப்பைக் கழற்றி, கணினியின் பின்புறத் துளையில் குட்டை வயரால் நேராகச் செருகிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

படிக்கவில்லை என்று நாம் சொல்வது சில நேரம் படிக்காததே அல்ல. தகட்டில் உள்ள கோப்புகள் திரையில் தெரியும், படம் மட்டும் ஓடாது. விண்டோஸ் 8 வந்த 2012-இல், உரிமத் தொகையை மிச்சப்படுத்த டிவிடி படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் இயல்பு அமைப்பிலிருந்து எடுத்துவிட்டது. விஎல்சி போன்ற படம் ஓட்டும் மென்பொருள் போட்டால் தீரும் சிக்கலுக்கு டிரைவை மாற்றியவர்கள் இருப்பார்கள். ஹாலிவுட் கேட்டு வாங்கிய மண்டலப் பூட்டு இன்னொன்று. அமெரிக்கா 1, இந்தியா 5. 2000-க்குப் பின் வந்த கணினி டிரைவ்களில் இந்த எண்ணை ஐந்து முறைதான் மாற்றலாம். அதன்பின் அது நிலைத்துவிடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த டிவிடி ஓடாமல், வீட்டிலேயே எழுதிய டிவிடி ஓடினால் சந்தேகம் முதலில் இங்கே போக வேண்டும்.

இவ்வளவையும் பார்த்தபின் மிஞ்சும் டிரைவில்தான் லென்ஸும் லேசரும் விசாரணைக்கு வருகின்றன. அங்கே பழுது பார்ப்பவருக்குக் கைகொடுக்க வேண்டிய தொழிலும் இப்போது சுருங்கிவிட்டது. சிடியைப் பிலிப்ஸோடு சேர்ந்து உருவாக்கிய சோனி, தன் டிரைவ் பிரிவான ஆப்டியார்க்கை 2013-இல் மூடிவிட்டது. லேசர் தலையை மட்டும் மாற்றும் கூலிக்குப் புது டிரைவே வாங்கலாம். திருமண டிவிடி, பழைய ஆவணத் தகடு போன்றவற்றுக்குப் புது வெளி டிரைவைவிட நல்ல வழி, மேசைக் கணினியில் இருந்த பழைய அகல டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடிப்பது. அதற்கென்று தனி அடாப்டர் வைத்து மின்சாரம் கொடுத்து, வேகத்தைக் குறைத்து, தகட்டை ஒருமுறை முழுதாக ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொண்டால், அதன் பின் சிவப்பு லேசர் சோர்ந்தாலும் போகிறது.