நிழற்படம் கொள்வோர் நோக்கத்தக்கவை

கேகாலை மாவட்டத்துத் தெஹியோவிட்டவைச் சூழ்ந்த தோட்டங்களிற் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்மக்களின் வரலாறு ஏடுகளிற் சிறிதளவே இடம்பெற்றுளது. அவர்தம் முன்னோரின் முகத்தை யாம் காணவேண்டின் பழைய நிழற்படங்களையே நாடவேண்டும். இலங்கையின் அத்தகைய படங்களோ இன்று கலைப்பொருள்களாக ஏலத்தில் விலை கூறப்படுகின்றன. அவற்றைப் பொருள் கொடுத்துக் கொள்வோர் நோக்கத்தக்கவை யாவை என ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நோக்கத்தக்கது தாள். படம் பிடித்த காலம் வேறு. அதனைத் தாளிற் பதித்த காலம் வேறு. ஒரே தகட்டிலிருந்து ஐம்பதாண்டு கழித்தும் பிரதி எடுத்தல் கூடும். முட்டை வெண்கரு பூசிய தாளிற் படம் பதிக்கும் முறை 1850இல் வெளிவந்து, அந்நூற்றாண்டின் இறுதிவரை பெருவழக்காயிருந்தது. அத்தாள் மெல்லியது, ஆதலின் தடித்த அட்டையில் ஒட்டப்படும், நாட்பட வெண்பகுதிகள் மஞ்சளிக்கும். உருப்பெருக்கும் கண்ணாடியால் நோக்குங்கால் ஒழுங்கான புள்ளிகள் தோன்றுமாயின், அது பொறியில் அச்சிட்ட படம், நிழற்படப் பிரதியன்று.

கொழும்பிற் புகழ்பெற்ற கலைஞராகிய லயனல் வென்ட் 1944இல் மறைந்தார். அதன்பின் அவருடைய மூலத்தகடுகள் அழிக்கப்பட்டன. எனவே, அவர் தம் கையாற் பதித்த பிரதிகள் இனிப் பெருகமாட்டா; பிற்காலத்தவை பிரதியின் பிரதிகளேயாம். இவ்விரண்டற்கும் ஒரே விலை கொடுப்பது பேதைமை.

இரண்டாவது காட்சி. ஈண்டு விற்போர் கூற்றினும் உள்ளூரறிவே சிறந்த துணையாகும். இறப்பர் விதையிலிருந்து எழுந்த கன்றுகள் 1876இலேயே இலங்கையை அடைந்தன. அவை வளர்ந்து பால் தரச் சில ஆண்டுகள் வேண்டும். களனிப் பள்ளத்தாக்கில் இறப்பர் பரந்ததோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயாம். எனவே, தோட்டத்திற் பால்வெட்டும் படமொன்றை 1870ஆம் ஆண்டினதென விற்போர் உளரேல், தெஹியோவிட்ட மாணவனொருவனே அதனை மறுத்துரைக்கலாம். அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டைக்குச் சென்ற புகைவண்டிப் பாதையும் 1942இல் மூடப்பட்டது. அப்பாதையில் வண்டி ஓடும் படம் அதற்குப் பிற்பட்டதாதல் இயலாது.

மூன்றாவது எழுத்து. படத்தின் ஓரத்தும் அட்டையின் பின்புறத்தும் உள்ள குறிப்புகளை அழுக்கெனக் கருதித் துடைத்தல் தகாது. ஆங்கிலேய நிழற்படக் கலைஞராகிய ஜூலியா மார்கரற் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் மலைநாட்டில் மறைந்தார். களுத்துறையில் 1878இல் அவர் எடுத்த படமொன்றில் ஊரவர் சிலர் காணப்படுகின்றனர். அதன் குறிப்பு, சிறுமிக்கு அகவை 12 என்றும், அவள் தந்தையெனக் கூறிய முதியவர் தமக்கு 100 எனச் சொன்னார் என்றும் தெரிவிக்கிறது. ஊர் உண்டு, அகவை உண்டு, பெயர் மட்டும் இல்லை. கலைஞர் பெயராலே படம் விலை பெறுகின்றது. படத்திலுள்ளவரோ பெயரற்று நிற்கின்றனர். கொழும்பு நிலையங்கள் விற்ற தோட்டப் படங்களிலும் தொழிலாளர் பெயரைக் காண்டல் அரிது.

இதனாலன்றோ தொகுப்பேடுகளைப் பிரித்து ஒவ்வோர் இதழாக விற்றல் பெருங்கேடாகின்றது! துரைமார் வைத்திருந்த ஏட்டில் அடுத்த பக்கத்துப் படம் தோட்டத்தின் பெயரை உணர்த்தலாம். அதற்கடுத்தது ஆண்டினை உணர்த்தலாம். தனியிதழோ வாய்மூடி நிற்கும். ஏட்டை முழுதாகக் கொள்ளல் இயலாதாயின், எவ்வேட்டினின்று அவ்விதழ் பிரிக்கப்பட்டது என்பதையேனும் விற்பவரிடம் எழுத்திற் பெறுதல் வேண்டும்.

பொருளுடையார் சுவரை அழகுசெய்யப் படம் கொள்வது குற்றமன்று. ஆயினும், அவர் கொள்வது ஒரு தாளை மட்டுமன்று. வேறு சான்றில்லாதார் தம் இருப்புக்கு எஞ்சிய ஒரே சாட்சியாகவும் அஃது இருத்தல் கூடும். படத்தைச் சட்டமிடுமுன் அதன் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பார்த்து எழுதிவைத்தல் கற்றார் கடனாம்.