அறுபத்தேழாம் அடுக்கின் காரணிகள்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதை தெரிந்ததுதான். 64 கட்டங்களுக்குப் பின் இன்னும் மூன்று கட்டங்கள் இருந்திருந்தால் மொத்த நெல்மணிகள் 2⁶⁷ − 1 ஆகியிருக்கும், எழுதினால் 14,75,73,95,25,89,67,64,12,927. இந்த 21 இலக்க எண் 1644-இல் பகா எண்களின் பட்டியலில் ஏறியது. 1876-இல் இறக்கப்பட்டது. அதன் காரணிகள் வெளிவர 1903 ஆகிவிட்டது.

பட்டியலில் ஏற்றியவர் பாரிஸில் வாழ்ந்த துறவி மரேன் மெர்சென். 6, 28 போன்ற நிறைவெண்களைத் தேடுபவர்களுக்கு, இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்கள் தேவைப்பட்டன. அடுக்கு பகா எண்ணாக இருந்தே தீர வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 2¹¹ − 1 என்பது 2047. அது 23 × 89 என்று உடைந்துவிடும். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே தேறும் என்றார் மெர்சென். நிரூபணம் எதையும் அவர் தரவில்லை.

31 சரிதான் என்று 1772-இல் ஆய்லர் காட்டினார். 67-ஐ அப்படிச் சோதிப்பது எளிதல்ல. எண்ணின் வர்க்கமூலமே 1,200 கோடியைத் தாண்டும். ஃபெர்மா கண்டறிந்த விதி ஓரளவு கைகொடுக்கும்: காரணி எதுவானாலும் 134-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகவே இருக்கும். அப்படி வடிகட்டினாலும் வரிசையில் 14,45,580-ஆவது எண்ணில்தான் முதல் காரணி ஒளிந்திருந்தது.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா 1876-இல் காரணியைத் தேடவே இல்லை. அவர் வகுத்த சோதனையைப் பின்னர் லேமர் எளிமைப்படுத்தினார். நான்கில் தொடங்கி, வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். அந்த மீதியை வைத்து மீண்டும் அதையே செய்ய வேண்டும். 2⁵ − 1 = 31-க்கு 4, 14, 8, 0 என்று வரும். மூன்றே படிகளில் பூச்சியம். எனவே 31 பகா எண். 67-ஆம் அடுக்குக்கு 65 படிகள் போனாலும் பூச்சியம் வராது. ஆகவே அது பகு எண். எந்த எண்களால் வகுபடும் என்பதைப் பற்றி இந்தக் கணக்கு வாய் திறப்பதில்லை.

அந்த மௌனம் 27 ஆண்டுகள் நீடித்தது.

1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் விடையைத் தந்தார்: 193707721 × 761838257287. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையின் ஒரு பக்கம் 2⁶⁷ − 1-ஐயும் மறுபக்கம் இந்தப் பெருக்கலையும் போட்டுவிட்டு அமர்ந்தார், கைதட்டல் எழுந்தது என்ற கதை பிரபலம். ‘மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள்’ பிடித்ததாகக் கோல் சொன்னார் என்பதும் அதன் பகுதி. இதைப் பரப்பியவர் எரிக் டெம்பிள் பெல். அவருடைய நூல் வந்ததோ 1951-இல். சுவைக்காக மெருகேற்றுபவர் என்று பெயரெடுத்தவர் அவர். கோல் அச்சிட்ட கட்டுரையோ, இருபடி எச்சங்களைக் கொண்டு சாத்தியங்களைச் சலித்தெடுத்த உழைப்பை நிதானமாக விவரிக்கிறது.

மெர்சென் பட்டியலில் 257-உம் தவறு. 61, 89, 107 விடுபட்டிருந்தன. 61 என்பதுதான் அச்சில் 67 ஆகிவிட்டதோ என்று ஊகித்தவர்களும் உண்டு.

லூக்காவுக்கும் கோலுக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளி இன்றும் மூடவில்லை. ஓர் எண் பகா எண்ணா என்பதை, எந்த எண்ணுக்கும் பொருந்தும்படி விரைந்து தீர்மானிக்கும் வழியைக் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா 2002-இல் கண்டனர். காரணிகளைப் பிரிக்க அதற்கு ஈடான வழி நம் கணினிகளுக்கு இன்னும் அகப்படவில்லை. ஆர்எஸ்ஏ மறையாக்கம் நம்பியிருப்பது இந்தச் சிரமத்தைத்தான். 385 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷⁷ − 1 பகு எண் என்பது உறுதியாகிவிட்டது. அதன் ஒரு காரணிகூட இதுவரை கையில் சிக்கவில்லை.