ப்ரொஜெக்டர்: வாங்குறதா, நாமளே செய்றதா?

டயகம மாதிரி ஒரு தோட்டத்தில் இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து "நம்ம டிவிஷன்ல படம் போடுவோம்" என்று பேச ஆரம்பித்தால், பத்தாவது நிமிஷத்தில் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம், "காசு சேர்த்து சின்னதா ஒரு ப்ரொஜெக்டர் வாங்கிடலாம்." மறுபக்கம், "காசு எதுக்கு? சப்பாத்துப் பெட்டி, பூதக்கண்ணாடி, ஒரு போன் போதும், நாங்களே செஞ்சிடுவோம்." எங்கள் கூட்டத்திலும் இதே வாக்குவாதம்தான் நடந்தது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று வந்தது. ப்ரொஜெக்டரின் விலையை அந்த நாள் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். அம்மாமார் எத்தனை நாள் மலை ஏறி இறங்கிய காசு என்று தெரியும். அதனால் இது விளையாட்டான கேள்வி இல்லை.

புதுக் கேள்வியும் இல்லை. சினிமாவோடு கூடப் பிறந்த கேள்வி இது.

1894ல் எடிசனின் கினெட்டோஸ்கோப் வந்தது. பெட்டிக்குள் ஒரு துளை வழியாக ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் குனிந்து பார்க்கும் கருவி. லண்டனில் கருவி செய்து விற்றுக்கொண்டிருந்த ராபர்ட் பால் என்பவரிடம் இரண்டு கிரேக்க வியாபாரிகள் போய், இதே மாதிரி செய்து தரமுடியுமா என்று கேட்டார்கள். எடிசன் இங்கிலாந்தில் காப்புரிமை எடுக்கவில்லை என்று தெரிந்ததும் பால் செய்து கொடுத்துவிட்டார். ஆனால் போட்டுக் காட்டப் படம் வேணுமே? நகல் பெட்டி வைத்திருப்பவர்களுக்குப் படச்சுருள் தரமாட்டோம் என்றது எடிசன் தரப்பு. பெட்டியைச் செய்துவிட்டார், பெட்டிக்குள் போடுவது அடுத்தவன் கையில். அதனால் 1895ல் பர்ட் ஏக்கர்ஸ் என்பவரோடு சேர்ந்து கமெராவையும் செய்தார். 1896 பெப்ரவரி 20ஆம் திகதி தன் ப்ரொஜெக்டரை லண்டனில் காட்டினார். லூமியர் சகோதரர்களின் காட்சி லண்டனில் தொடங்கியதும் அதே நாள்தான்.

லூமியர்கள் கதை வேறு. 1895 டிசெம்பர் 28ஆம் திகதி பாரிஸில் காசு வாங்கிக் காட்டிய அவர்களுடைய 'சினிமட்டோகிராஃப்' ஒரே பெட்டியில் கமெராவாகவும் ப்ரொஜெக்டராகவும் வேலை செய்தது. அதை 1897 வரை அவர்கள் வெளியில் விற்கவே இல்லை. தங்கள் ஆட்களிடம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். 1896 ஜூலை 7ஆம் திகதி பம்பாய் வாட்சன் ஹோட்டலில் நடந்த காட்சியும் அப்படி வந்ததுதான். மந்திர வித்தைக்காரர் ஜோர்ஜ் மெலியே அந்தக் கருவியை விலைக்குக் கேட்டார். லூமியர்களின் அப்பா அந்துவான் மறுத்துவிட்டார். மெலியே சும்மா இருக்கவில்லை. லண்டனுக்குப் போய் பாலிடம் ஒரு ப்ரொஜெக்டர் வாங்கினார், அதைப் பிரித்துப் பார்த்து, மாற்றி அமைத்து, கமெராவாக்கிக்கொண்டார்.

ஆக, ஆரம்பத்திலேயே மூன்று வழி இருந்திருக்கிறது. பால் செய்தார். லூமியர்கள் பெட்டியைப் பூட்டி வைத்தார்கள். மெலியே வாங்கி, திறந்து, மாற்றினார்.

நம்ம பக்கத்து உதாரணம் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வேயில் வரைபடம் போடும் வேலையில் இருந்தவர். 1905ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ப்ரொஜெக்டரையும் சில படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். 1914ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தெற்கில் ஊர் ஊராகச் சினிமா போனதற்கு ஒரு காரணம், ரயில்வே சம்பளக்காரர் ஒருவர் பழைய பெட்டி ஒன்றை விலைக்கு வாங்கியது. 'செகண்ட் ஹேண்ட்' என்று யாரும் சிரிக்க வேண்டாம்!

நம்ம மலைக்கு இந்த வெளிச்சம் எப்போ வந்தது? இலங்கையில் முதல் படக்காட்சி 1901ல் என்று சினிமா வரலாறுகள் சொல்கின்றன. பார்த்தவர்கள் ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயும் போயர் யுத்தக் கைதிகளும். அந்தக் கைதிகளுக்கு 1900ல் முகாம் போட்டது தியத்தலாவையில், மலைநாட்டில்தான். ஆனால் பக்கத்து மலைகளில் கொழுந்து பறித்த நம்ம ஆட்கள் அந்தப் பார்வையாளர் கணக்கில் வரவில்லை.

பிறகு படம் தோட்டத்துக்கே வர வழி செய்தது 16 மில்லிமீட்டர் படச்சுருள். பழைய நைட்ரேட் சுருள் சட்டென்று தீப்பிடிக்கும். அதைச் சுற்றி இருந்த விளக்கும் ஆபத்துதான். 1897 மே மாதம் பாரிஸில் ஒரு தர்மச் சந்தையில் ப்ரொஜெக்டர் விளக்குக்கு ஈதர் ஊற்றும்போது பிடித்த தீயில் 120 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். 1923ல் கோடாக் கொண்டுவந்த 16 மி.மீ. சுருள் எளிதில் தீப்பிடிக்காத ரகம். அதனால் தனி அறை கட்டாமல் வீட்டிலும், பள்ளிக்கூடத்திலும், பெரட்டுக்களத்திலும் படம் போடலாம் என்றானது. இலங்கையின் முதல் தமிழ்ப்படம் என்று சொல்லப்படும் 'சமுதாயம்' (1962) எடுக்கப்பட்டதும் 16 மி.மீட்டரில். தியேட்டர்களில் இருந்ததோ 35 மி.மீ. மெஷின். அடுத்த வருஷம் மலையகப் பின்னணியோடு வந்த 'தோட்டக்காரி' 35 மி.மீட்டரில் வந்தது. எந்தக் கதை எந்த ஊருக்குப் போய்ச் சேரும் என்பதை மெஷினும் சேர்ந்துதான் தீர்மானித்திருக்கிறது.

தோட்டங்களில் திரை கட்டிப் படம் போட்ட காலமும், 1982ல் ரூபவாஹினி வந்த பிறகு டீவியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் பார்த்த காலமும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் கதை கதையாக வரும். அந்த மெஷின்கள் எல்லாவற்றுக்கும் ஒரு ஒற்றுமை. ராத்திரி வரும், காலையில் போய்விடும். எந்தப் படம் என்பதையும் மெஷின்காரர்தான் பெரும்பாலும் முடிவு செய்வார்.

சரி, இப்போ சப்பாத்துப் பெட்டிக்கு வருவோம். இங்கே கொஞ்சம் கணக்குப் போடணும். வெளிச்சத்தின் மொத்த அளவு லூமன். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். நல்ல போன் திரை ஒன்று எல்லாப் பக்கமும் விடும் வெளிச்சத்தைச் சேர்த்தால் கிட்டத்தட்ட 14 லூமன். அதில் கைப்பிடி பூதக்கண்ணாடி பிடித்துச் சுவருக்கு அனுப்புவது அரை லூமன்கூட இல்லை. அதை ஒரு சதுர மீட்டரில் விரித்தால் பௌர்ணமி நிலவு வெளிச்சத்தின் அளவுதான் வரும். போதாக்குறைக்கு எழுத்தெல்லாம் இடவலம் மாறி விழும். மெல்லிய வேட்டியைத் திரையாகக் கட்டிப் பின்பக்கமிருந்து பார்த்தால் அது மட்டும் சரியாகிவிடும்.

இதைவிட ஆச்சரியம், நம்ம அப்பாமார் காலத்துப் பிள்ளைகள் செய்த பெட்டி. பியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி லென்ஸ், ஒரு துண்டு பிலிம், கதவிடுக்கு வழியாக வெயிலைத் திருப்பிவிட முகம் பார்க்கும் கண்ணாடி. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். விரல் அகலப் பிலிம் கட்டத்தில் அது விழுந்தாலே 35 லூமன். வெயிலின் கதிர்கள் ஒரே திசையில் வருவதால் முக்கால்வாசி நேராக லென்ஸுக்குள் போய்விடும். பிலிம் பாதியைக் குடித்துவிட்டாலும், போன் வைத்த பெட்டியைவிட சுமார் ஐம்பது மடங்கு வெளிச்சம். செலவு பூஜ்யம். ஒரே சிக்கல், படம் அசையாது. டயகமவில் இன்னொரு சிக்கலும் உண்டு, மூடுபனி விலகினால்தானே வெயில்!

அப்போ பெட்டியையும் லென்ஸையும் கையால் செய்துவிடலாம், வெளிச்சத்தைச் செய்வதுதான் கஷ்டம். பழைய மொனிட்டரின் எல்.சி.டி. தகட்டைக் கழற்றி, பின்னால் பெரிய விளக்கு வைத்து ப்ரொஜெக்டர் செய்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்தத் தகடு விளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான் வெளியே விடும். மீதி சூடாகிறது. லயத்து வயரிங்கையும் பலகைக் கூரையையும் யோசித்தால் அது நல்ல விளையாட்டு இல்லை.

கடையில் கிடைக்கும் மலிவு ப்ரொஜெக்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதும் அனேகமாக அதேதான். ஒரு எல்.ஈ.டி., ஒரு எல்.சி.டி. தகடு, ஒரு லென்ஸ், ஒரு விசிறி. பெட்டியில் '9,000 லூமன்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து அளந்து சராசரி எடுக்கும் முறைக்கு ஆன்சி லூமன் என்று பேர். அந்த எண்ணைக் கேளுங்கள், மலிவுப் பெட்டியில் 100, 200 இருந்தாலே நல்லது. தியேட்டர் தரத்துக்குத் திரையில் 150 லக்ஸாவது வேணும். இரண்டு மீட்டர் அகலத் திரைக்கு அது கிட்டத்தட்ட 350 லூமன். திரையை ஒன்றரை மீட்டராகச் சுருக்கினால் 200 போதும். ஏழு அடி தள்ளி வைத்தால் பல பெட்டிகளுக்கு அந்த அகலம் வந்துவிடும். நம்ம பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவுக்குள்ளேயே அடங்கும். காசு கூட்டிப் பெரிய பெட்டி வாங்குவதைவிடத் திரையைக் குறைப்பது லாபம்.

எங்கள் முடிவு மெலியே வழி. வெளிச்சத்தை வாங்குவோம், மற்றதை நாமே செய்வோம். திரை, ஸ்டாண்ட், ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் கைவேலை. வாங்கும் பெட்டி ஸ்குரூ போட்டதாக இருக்கணும், பசை வைத்து ஒட்டியதாக இருக்கக்கூடாது. நம்ம ஈரக் காற்றுக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், தூசி அடையும், விசிறி முதலில் போகும். திறந்து துடைக்க முடியாத பெட்டி ஒரு மழைக்காலம் தாண்டுவதே கஷ்டம். கடையில் இருட்டறையில் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் காசு கொடுக்கணும். போன் பெட்டிக்குச் செலவழிக்கும் நேரத்தில் பிள்ளைகளோடு தண்ணீர் பல்புப் பெட்டி செய்யலாம், வெளிச்சம் எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்கே புரியும்.

ராபர்ட் பாலின் பாடத்தையும் மறக்கவேண்டாம். பெட்டி சொந்தமானாலும் படம் அடுத்தவரிடம் இருந்தால் பாதிதான் சொந்தம். 2023ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் 200 வருஷத்து வரலாற்றைச் சொல்லி நடந்தார்கள். அந்த வரலாற்றின் மிச்சம் நம்ம பாட்டிமார் வாயில் இருக்கிறது, எல்லோர் கையிலும் போன் கமெராவும் இருக்கிறது. பெட்டி வாங்கக் காசு சேர்கிற மாதங்களிலேயே அவர்கள் பேசுவதைப் பதிந்து வைத்துவிட்டால், முதல் ராத்திரி போடுவதற்கு நம்ம படம் ஒன்று தயாராக இருக்கும்.