பெட்டியும் அறையும்
(அமெரிக்கப் பிக்கப் வண்டியின் வரலாறு)

அமெரிக்க நாட்டிற்குச் சென்று, மக்களோடு சில திங்கள் தங்கி மீளும் நம் சங்கத்துப் பெரியோர், அந்நாட்டுச் சாலைகளைப் பற்றிப் பேசுங்கால் ஒரு வியப்பைத் தவறாமல் கூறுவர். முன்னே வீடு போன்ற அறையும், பின்னே திறந்த பெட்டியும் உடைய பெருவண்டி ஒன்று அண்டை வீட்டு வாயிலில் நிற்கும். காலையில் அதில் ஒருவர் தனியே ஏறி அலுவலகம் செல்வார். பின்பெட்டியில் ஒரு துரும்பும் இராது. "ஒரு மனிதருக்கு இத்துணைப் பெரிய வண்டி எதற்கு?" என்பதே அவர்தம் வினா. வினா நியாயமானதே. ஆயின், அதற்கு விடை அவ்வண்டிக்கு உரியவரிடம் முழுமையாக இல்லை. நூறாண்டு வரலாற்றில் இருக்கின்றது. உழவர் களத்தில் தொடங்கிக் கோழி இறைச்சியைப் பற்றிய ஒரு வணிகப் பூசலில் திசை திரும்பிய வரலாறு அது.

1908ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு 'மாடல் டி' என்னும் காரை வெளியிட்டார். அக்காலத்து அமெரிக்க நாட்டுப்புறத்தில் சாலை என்பது பெரும்பாலும் சேறும் பள்ளமுமே. தரையிலிருந்து உயர்ந்து நின்ற அந்தக் கார் சேற்றில் எளிதில் சிக்காது. பழுதுற்றால் உழவனே குறடும் சுத்தியும் கொண்டு செப்பனிட்டுக் கொள்ளலாம். வாங்கியவர் அதனை வெறும் ஊர்தியாக மட்டும் வைத்திருந்தனர் அல்லர். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் உயர்த்தி, அதில் வார்ப்பட்டையை மாட்டி, விறகு அறுக்கும் வாளையும், நீர் இறைக்கும் பொறியையும், சில வீடுகளில் துணி துவைக்கும் பொறியையும்கூட ஓட்டினர். பலர் காரின் பின்பகுதியை அறுத்தெறிந்துவிட்டு, அங்கே பலகையால் ஒரு பெட்டி அடித்துப் பொருத்தினர். பால் குடங்களும் தானிய மூட்டைகளும் கன்றுகளும் அதில் ஏறின. பிக்கப் வண்டியை முதலில் ஆக்கியவர் யார் என்று கேட்பின், தொழிற்சாலைப் பொறியாளர் என்று கூறுதற்கு நாம் ஒருப்படோம். உழவரும் ஊர்த் தச்சருமே அதனை ஆக்கினர். தொழிற்சாலை பின்னரே வந்து சேர்ந்தது.

அங்ஙனம் வந்து சேர்ந்த ஆண்டு 1925. மாடல் டி வண்டியில் பெட்டியைத் தானே பொருத்தி 281 டாலருக்கு ஃபோர்டு நிறுவனம் விற்றது. பெட்டியின் நீளம் 56 அங்குலம். அகலம் 40 அங்குலத்திற்குச் சிறிது மிகுதி. ஆழம் 13 அங்குலம். எஞ்சினின் ஆற்றல் 20 குதிரைத்திறன். இறக்கி மூடத்தக்க பின்கதவும், பாரம் தாங்கும் தடித்த பின்வில்லும் அதற்கு இருந்தன. முதல் ஆண்டிலேயே முப்பத்து மூவாயிரத்திற்கு மேல் செய்தனர். ஓட்டுநர் அமரும் இடமோ, இருவர் தோள் ஒட்டி இருக்கும் அளவே.

பின்னர் வந்த பஞ்ச காலத்தில் இத்தகைய வண்டி ஒரு குடும்பத்தின் முழு உடைமையையும் சுமக்க நேர்ந்தது. 1930களில் மழை பொய்த்து, மேல்மண் புழுதியாய்ப் பறந்து, ஒக்லஹாமா முதலிய மாநிலங்களின் உழுகுடிகள் நிலத்தை இழந்து, 66ஆம் எண் நெடுஞ்சாலை வழியே கலிபோர்னியாவை நோக்கிச் சென்றனர். மெத்தை, அடுப்பு, பானை, பாட்டி, பேரன் எல்லாம் பெட்டியில்தான். ஜான் ஸ்டைன்பெக் 1939இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலிலும் அக்குடும்பம் ஒரு பழைய ஹட்சன் காரை அறுத்து லாரியாக்கிக்கொண்டே புறப்படுகின்றது. பிழைப்புத் தேடி மூட்டை முடிச்சுடன் வடபுலம் வந்த குடிகளின் வழித்தோன்றலாகிய நமக்கு, அந்தப் பெட்டியின் பொருள் விளங்காமல் போகாது.

உலகப் போர் முடிந்ததும் வண்டிகள் புதிய உருப்பெற்றன. படைக்கெனச் செய்த நான்கு சக்கர இழுவை வண்டியைப் பொதுமக்களுக்கு ஏற்ப மாற்றி, டாட்ஜ் நிறுவனம் 1946இல் 'பவர் வேகன்' என விற்றது. 1948இல் ஃபோர்டின் 'எஃப்' வரிசை பிறந்தது. அவ்வரிசையில் சிறியது எஃப்-1. அரை டன் சுமக்கும் என்பது அதன் கணக்கு. அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்னும் அப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஆனால் இன்றைய 'அரை டன்' வண்டி முக்கால் டன்னுக்கு மேலும் சுமக்கும். பெயர் நின்றுவிட்டது, பொருள் நகர்ந்துவிட்டது.

அக்காலத்து வண்டியோடு வாழ்வது எவ்வாறு இருந்தது என்பதைச் சற்று நின்று காண்போம். அறையில் நீண்ட ஒரே இருக்கை. கணவன், மனைவி, நடுவே குழந்தை என மூவர் அமர்வர். வெறும் பெட்டியோடு ஓடினால் முதுகெலும்பு அதிரும். மூட்டை ஏற்றினால்தான் வண்டி அமைதியுறும். பனிக்காலத்தில் பின்சக்கரம் வழுக்காதிருக்கும் பொருட்டுப் பெட்டியில் மணல்மூட்டைகளைப் போட்டு வைப்பது வழக்கம்; அவ்வழக்கம் இன்றும் மறையவில்லை. நண்பகலில் பின்கதவை இறக்கினால் அதுவே திண்ணை. வேலையாட்கள் அதில் அமர்ந்து உண்பர். நாய்க்குப் பெட்டி, துப்பாக்கிக்குப் பின்கண்ணாடியின் அருகே ஒரு தாங்கி. ஊரில் எவர் வீடு மாறினாலும், எவர் கட்டில் வாங்கினாலும் அழைப்பு இவருக்கே. பிக்கப் உடையவன் சனிக்கிழமை தன்னுடையதன்று என்று அந்நாட்டார் நகைச்சுவையாகக் குறைபட்டுக் கொள்வதுண்டு. எனினும் மறுப்பவர் சிலரே. ஊராருக்கு உதவும் ஒரு பொருளை வைத்திருப்பதில் ஒரு பெருமிதம் உண்டன்றோ?

1950களில் அறை மெல்ல மெல்ல வசதி பெறத் தொடங்கியது. 1953இல் வந்த எஃப்-100 வண்டியில் கை வைக்கும் தாங்கியும் உள்விளக்கும் இடம் பெற்றன. 1955இல் செவர்லே நிறுவனம் காரைப் போன்று அழகு செய்த ஒரு பிக்கப்பை விற்றது. 1957இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம், இரண்டு வரிசை இருக்கை உள்ள அறையோடு ஒரு வண்டி செய்தது. இரயில்வே, மின்வாரியம் போன்ற இடங்களில் வேலையாட்குழு ஒன்றை முழுவதும் ஏற்றிச் செல்லவே அது பயன்பட்டது. அக்குழுவின் இடத்தில் பின்னாளில் ஒரு குடும்பம் ஏறி அமரும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார். ஸ்டைன்பெக்கே 1960இல் ஒரு ஜி.எம்.சி. பிக்கப்பின் பெட்டி மீது சிறு வீடு அமைத்து, தம் நாயுடன் நாடு சுற்றினார். அதனை விவரிக்கும் நூல் 1962இல் வெளிவந்தது. அந்த வண்டியை இன்றும் சலினாஸ் நகரத்தில் காணலாம்.

இனி, கோழியின் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் பண்ணை முறையில் வளர்த்த மலிவான கோழி இறைச்சி மேற்கு ஐரோப்பாவில் பெருகி விற்றது. அங்குள்ள உழவரைக் காக்க எண்ணிய ஐரோப்பியப் பொதுச் சந்தை 1962இல் அதன் மீது தீர்வையை உயர்த்தியது. பேச்சுவார்த்தை பயன் தரவில்லை. 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் மறுதீர்வை ஒன்றை அறிவித்தார்: உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சுமை வண்டி ஆகிய நான்கின் மீதும் கூடுதல் வரி, சுமை வண்டிக்கு 25 விழுக்காடு. மேற்கு ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் சிறுவண்டிகளே குறி. நான்கில் ஏனைய மூன்றின் மீதிருந்த வரி காலப்போக்கில் நீங்கியது. வண்டியின் மீதான வரி மட்டும் அறுபது ஆண்டு கடந்தும் நீங்கவில்லை. கோழியை மறந்தனர், வேலியை மறக்கவில்லை.

வேலிக்குள் புகும் வழிகளைத் தேடியோரும் உண்டு. ஜப்பானிய நிறுவனங்கள் பெட்டி இல்லாத வண்டியாகக் கப்பலில் ஏற்றி, அமெரிக்கக் கரையில் பெட்டியைப் பூட்டின. 1980இல் அவ்வழி அடைபட்டது. சுபாரு நிறுவனமோ, தன் சிறு பிக்கப்பின் பெட்டியில் பின்னோக்கிய இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளை வைத்து, "இது சுமை வண்டியன்று, பயணியர் கார்" என்று கூறிக் குறைந்த வரியே செலுத்தியது. சுங்க அதிகாரிகள் சிரித்தார்களோ, சினந்தார்களோ! இவையெல்லாம் சிறு விலகல்களே. முழு உருவப் பிக்கப்பைப் பொறுத்தவரை, உள்நாட்டு நிறுவனங்களுக்கு வெளிநாட்டுப் போட்டி நெடுங்காலம் இல்லாது போயிற்று. டொயோட்டா 1999இல் அக்களத்தில் இறங்கியபோது, அமெரிக்க மண்ணிலேயே ஆலை வைத்துத்தான் இறங்க முடிந்தது.

வேலி ஒருபுறம், சட்டம் மறுபுறம். 1970களில் புகை மாசைக் குறைக்கவும், பெட்ரோலை மிச்சப்படுத்தவும் விதிகள் வந்தன. சுமையுடன் 6,000 பவுண்டுக்கு உட்பட்ட இலகு வண்டிகளுக்குப் புகை வடிகட்டும் கருவி வேண்டும் என்ற நிலை 1975இல் ஏற்பட்டது. உடனே ஃபோர்டு நிறுவனம், அவ்வெல்லையைச் சிறிதளவே தாண்டுமாறு எஃப்-150 என்னும் வண்டியைச் செய்து விற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட எரிபொருள் சிக்கனச் சட்டமும், கார்களுக்கு ஓர் அளவும் சுமை வண்டிகளுக்குத் தளர்ந்த வேறோர் அளவும் வகுக்க இடம் தந்தது. உழவனின் கருவிக்கு அளித்த சலுகை அது. சலுகை இருக்கும் இடத்திற்கு வணிகம் செல்வது இயற்கை. 1977 முதல் எஃப் வரிசையே அந்நாட்டில் மிகுதியாக விற்கும் பிக்கப். 1980களின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் கார்களையும் விஞ்சி விற்றது.

வாங்கியவர் தொகை பெருகியபோது வண்டியின் உடலும் மாறியது. அந்நாட்டில் பிளைவுட் பலகை 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையது. 8 அடிப் பெட்டியில் அப்பலகையைக் கிடத்திப் பின்கதவை மூடலாம். தச்சனுக்கும் கொத்தனுக்கும் அதுவே உரைகல். தொடக்க காலத்து எஃப்-150இல் நீளத்தின் ஏறத்தாழ மூன்றில் இருபங்கு பெட்டிக்கு, ஒரு பங்கே அறைக்கு. இன்று கணக்கு தலைகீழ். நான்கு கதவும் ஐவர் அமரும் இடமும் கொண்ட அறை முன்னே. ஐந்தரை அடிப் பெட்டி பின்னே. பலகையை ஏற்றினால் பின்கதவு திறந்தே தொங்கும். தோல் இருக்கை, குளிரூட்டி, பெரிய திரை எல்லாம் அறைக்குள் புகுந்தன. விலை 60,000 டாலரைக் கடந்த வண்டிகள் பல. இருப்பினும், அறை பெருத்ததைப் பேராசை என்று மட்டும் பழிப்பது நடுநிலை ஆகாது. இரண்டு வண்டி வாங்க இயலாத கொத்தன் ஒருவன், காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, அதே வண்டியில் சிமெண்டு ஏற்றிச் செல்ல விரும்பினால் அதில் குற்றம் என்ன?

வண்டியோடு வாழ்வதன் இடர்கள் அவனுக்கும் உண்டு. 19 அடிக்கு மேற்பட்ட நீளம். கண்ணாடிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 8 அடி அகலம். பழைய வீடுகளின் வண்டிக் கொட்டிலில் அது நுழையாது. நுழைந்தால் கதவு மூடாது. கடைவீதியில் நிறுத்த இரண்டு முறை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். காலன் பெட்ரோலுக்கு 20 மைல் அளவே ஓடும். நம் கணக்கில் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர். இவையெல்லாம் உரியவரின் பை நோவு, அவரே பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்கலாகாத நோவு பிறருடையது. வண்டியின் முன்மூடி, வளர்ந்தோர் பலரின் மார்பளவு உயர்ந்துவிட்டது. அதன் முன்னே நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குப் படாது. பின்னே பார்க்கும் கேமராவைப் புதிய வண்டிகளுக்கு 2018 மே முதல் கட்டாயம் ஆக்கினர்; முன்னே பார்ப்பதற்கு அத்தகைய கட்டாயம் அன்று ஏற்படவில்லை. காப்புறுதி நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்புக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, முன்மூடி 40 அங்குலத்திற்கு மேல் உயர்ந்த வண்டிகள், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வண்டிகளைவிட, நடப்போர் மீது மோதினால் உயிர் போக்கும் வாய்ப்பு 45 விழுக்காடு அளவு மிகுதி என்று கண்டது. அந்நாட்டில் வண்டி மோதி இறந்த நடையர் 2009இல் 4,100 அளவினர். 2022இல் 7,500க்கு மேற்பட்டோர். இருள், விரைவு, மது, நடைபாதை இன்மை எனக் காரணம் பல உண்டு. வண்டியின் உயரத்தின் மீது மட்டும் பழியை ஏற்றலாகாது. ஆயினும் உயரம் ஒரு காரணம் என்பதை மறைத்தலும் ஆகாது.

அதே பெருவண்டி உயிர் காத்த நாளும் உண்டு. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலம் கடும் உறைபனியில் மின்சாரம் இழந்து தவித்தபோது, மின்னாக்கி பொருத்திய கலப்பு எஃப்-150 வண்டிகளை வைத்திருந்தோர், அவற்றிலிருந்து கம்பி இழுத்து வீட்டில் விளக்கும் கணப்பும் ஏற்றினர். பின்சக்கரத்தில் வார் பூட்டி நீர் இறைத்த பாட்டன்மார் கண்டிருந்தால் வியந்திரார்.

அண்மைக் காலத்தில் வேறொரு காட்சி தோன்றியிருக்கின்றது. சிறு பண்ணையாளரும் தோட்டக்காரரும் ஜப்பானிலிருந்து 'கெய்' எனப்படும் பழைய சிறு சுமை வண்டிகளை வரவழைக்கின்றனர். 25 ஆண்டு கடந்த வண்டிக்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் பொருந்தா என்னும் விலக்கே வழி. நம் நகரங்களில் காய்கறி கொண்டுவரும் 'சோட்டா ஹாத்தி'யை, தமிழகத்தில் குட்டி யானை எனப்படும் அதனை, ஒத்த உருவம். நீளம் ஏறத்தாழ 11 அடி. ஆனால் அதன் பெட்டியோ 6 அடிக்கு மேற்பட்டது. 19 அடிப் பெருவண்டியின் பெட்டியைவிட நீளம்! அறை சிறிது, இருவர் தோள் ஒட்டி அமர வேண்டும். பாதுகாப்புக் குறை காட்டிச் சில மாநிலங்கள் அவற்றைப் பதிய மறுத்தன. உரியோர் முறையிட்டு வாதாடினர். டெக்சஸ் மாநிலம் 2024இல் மறுப்பை நீக்கிப் பதிவு வழங்கத் தொடங்கியது.