செத்த காலேஜும் உயிர் காலேஜும்

அரபு மொழியில் அருங்காட்சியகத்தை ‘மத்ஹஃப்’ என்பர். ‘துஹ்ஃபா’ என்ற சொல்லின் அடியாகப் பிறந்தது அது. துஹ்ஃபா என்றால் அன்பளிப்பு. கிடைத்தற்கரிய பொருள் என்றும் பொருள்படும். உருது பேசும் நம் முதியோர் ‘அஜாயிப் கானா’ என்றும் ‘அஜாயிப் கர்’ என்றும் வழங்குவர். வியப்புகளின் இல்லம் என்பது அதன் கருத்து. ஈழத்தமிழர் இன்றளவும் ‘நூதனசாலை’ என்றே எழுதுகின்றனர். அன்பளிப்பு, வியப்பு, புதுமை என மூன்று மொழி வழக்குகளும் மூன்று எதிர்பார்ப்புகளைச் சுட்டுகின்றன. ஆனால் இவை யாவும் கற்றோர் இட்ட பெயர்கள். எழுத்தறியா மக்கள் தாமாகவே ஓர் அருங்காட்சியகத்துக்குப் பெயரிட்டதும் நம் சென்னை மாநகரில் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகம் அவர்களுக்குச் ‘செத்த காலேஜ்’; மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’.

கேலிப் பெயர் போலத் தோன்றினும் இதற்குள் ஒரு வரலாறு உறைந்துள்ளது. சென்னை இலக்கியக் கழகம் 1846 இல் ஓர் அருங்காட்சியகம் வேண்டுமெனக் கேட்டது. ஆளுநர் ஹென்றி பாட்டிங்கர் இலண்டனிலிருந்த இயக்குநர் சபையின் இசைவைப் பெற்றார். 1851 இல், நுங்கம்பாக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இயங்கிவந்த கட்டடத்தின் மாடியில், ஏறத்தாழ 1,100 கனிம, பாறை மாதிரிகளுடன் அது தொடங்கப்பட்டது. கம்பெனி அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் பாரசீகமும் பயின்ற இடம் அக்கல்லூரி. அங்கே தொடங்கியமையால் அருங்காட்சியகத்துக்கும் ‘காலேஜ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1854 டிசம்பரில் எழும்பூரின் பாந்தியன் கட்டடத்துக்கு இடம் பெயர்ந்த பின்னரும் பெயர் மட்டும் உதிரவில்லை. அறிஞர்கள் ‘மியூசியம்’ என்று எத்தனை முறை எழுதினாலும் வண்டிக்காரனுக்கு அது காலேஜ்தான்.

அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபோர் (1813–1889). ஸ்காட்லாந்துக்காரர், தொழிலால் அறுவை மருத்துவர். பிற்காலத்தில் ‘இந்தியக் கலைக்களஞ்சியம்’ தொகுத்தவர் என்றும், 1875 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்கள் சேர வழிசெய்தோருள் ஒருவர் என்றும் வரலாறு அவரை அறியும். நமக்கு அவர் வேறொரு வகையில் நெருக்கமானவர். பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் ஆழக் கற்றவர். பாரசீகக் கவிதைத் திரட்டொன்றைக் கல்லச்சில் பதிப்பித்தவர். மகப்பேற்று மருத்துவ நூலொன்றை ஹிந்துஸ்தானியில் கொணர்ந்தவர். சேப்பாக்கத்தில் கர்நாடக நவாபின் அவையில் அரசாங்க முகவராகப் பணியாற்றிய அவர், சென்னை முஸ்லிம்களுக்கென ஒரு பொது நூலகம் அமையவும் முன்னின்றார்.

அருங்காட்சியகக் கல்வியின் வரலாறு எழுதுவோர் இந்தப் பின்புலத்தைக் கடந்து போய்விடுகின்றனர். அது தவறு என்பது எம் கருத்து. ஓர் ஊரின் மொழியில் பேசத் தெரிந்தவர், அவ்வூரார் எதற்காக வாசல்படி ஏறுவர் என்பதையும் அறிந்திருந்தார். கல்லையும் கனிமத்தையும் காண மக்கள் பெருந்திரளாக வரவில்லை. ஆனால் அங்கு வளர்க்கப்பட்ட ஒரு புலிக்குட்டியையும் ஒரு சிறுத்தையையும் காண ஆயிரக்கணக்கானோர் வந்தனர். பால்ஃபோர் இதைக் குறை காணவில்லை, குறித்துக்கொண்டார். பின்னர் நவாபை அணுகி, அவரிடமிருந்த விலங்குகள் அனைத்தையும் அருங்காட்சியகத்துக்கு வழங்குமாறு வேண்டினார். நவாப் வழங்கினார். 1855 இல் அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை தோன்றிற்று. ஓராண்டுக்குள் பாலூட்டிகளும் பறவைகளும் ஊர்வனவுமாக முந்நூறுக்கு மேற்பட்ட உயிர்கள் அங்கிருந்தன. 1863 இல் அது மாநகராட்சியின் பொறுப்புக்கு மாறிப் பீப்பிள்ஸ் பார்க்குக்குச் சென்றது. 1985 இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

ஈந்தவர் யார்? கர்நாடகத்தின் கடைசி நவாப் குலாம் முஹம்மது கவுஸ் கான். ‘அஃஸம்’ என்ற புனைபெயரில் பாரசீகக் கவிதை புனைந்தவர். ‘சுப்ஹே வதன்’, ‘குல்ஸாரே அஃஸம்’ ஆகிய கவிஞர் வரலாற்றுத் தொகுப்புகளின் ஆசிரியர். அதே 1855 இன் அக்டோபர் 7 இல் வாரிசின்றி அவர் மறைந்தார். டல்ஹவுசியின் கொள்கைப்படி கம்பெனி அரசு நவாப் பட்டத்தையே ஒழித்தது. சேப்பாக்கம் அரண்மனையும் அரசின் கைக்குப் போயிற்று. ஆக, அவருடைய விலங்குகள் மக்களின் சொத்தான ஆண்டும், அவருடைய அரசமரபு இல்லாமற்போன ஆண்டும் ஒன்றே. மத்ஹஃப் என்ற சொல்லின் வேர்ப்பொருளுக்கு இதைவிடக் கூர்மையான சான்று வேண்டுமா? அன்பளிப்பு நிலைத்தது, அன்பளித்தவரின் ஆட்சி நிலைக்கவில்லை. விலங்கு கேட்டு வந்த முகவரும், பட்டத்தைப் பறித்த அரசும் ஒரே கம்பெனியைச் சார்ந்தவை என்பதையும் மறத்தலாகாது. பால்ஃபோரின் நல்லெண்ணத்தை ஐயுறுவதற்கில்லை. எனினும் அவர் நின்ற இடம் எது என்பதை நாம் தெளிவாகச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

புலிக்குட்டியைக் காட்டிக் கல்லைக் காணச் செய்வது ஒரு தந்திரம் மட்டுமா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸகரிய்யா அல்கஸ்வீனீ தம் ‘அஜாயிபுல் மக்லூகாத்’ நூலின் முகப்பில் வியப்பு என்பதற்கு இலக்கணம் கூறுகிறார். ஒன்றின் காரணத்தை அறிய இயலாதபோது மனிதனுக்கு நேரும் திகைப்பே வியப்பு என்பது அவர் கருத்து. தேன்கூட்டை முதன்முறை காண்பவன் திகைப்பான். நாள்தோறும் கண்டு பழகியவன் திகைக்கமாட்டான். எனவே வியப்பு அறியாமையின் அடையாளம்; அதுவே அறிவின் வாயிலும் ஆகும். அஜாயிப் கானா என்று மக்கள் சொன்னதை ஆங்கில அதிகாரிகள் பலர் ஏளனமாகவே எழுதினர். வேடிக்கை பார்க்க வருவோருக்கு எதைக் கற்பிப்பது என்ற சலிப்பு அவர்தம் அறிக்கைகளில் தென்படும். பால்ஃபோரிடம் அச்சலிப்பு இல்லை.

அவருக்குப் பின் வந்தவர்களுள் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் புகழ்பெற்றவர். அவரும் கல்விப் பணியில் நாட்டமுடையவர். சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். கன்னிமாரா நூலகமும் அருங்காட்சியக அரங்கும் அவர் காலத்தில் எழுந்தவை. கோஷா முறை பேணிய பெண்கள் வந்து காண்பதற்கெனத் தனி நாள் ஒதுக்கப்பட்டதும் இக்கால வழக்கமே. பர்தா பெண்களுக்கு நாள் ஒதுக்குதல் பின்னர் இந்திய அருங்காட்சியகங்கள் சிலவற்றிலும் காணப்பட்டது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி மாளிகைகளின் பெண்டிர்க்கு வாசல் திறந்தது அந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் தர்ஸ்டனின் கையில் வேறொன்றும் இருந்தது; அளவுகோல். மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து சாதிகளை வகைப்படுத்தும் ஆராய்ச்சியில் அவர் மூழ்கியிருந்தார். அருங்காட்சியகத்துக்கு வந்தோரும் அவ்வளவைக்குத் தப்பவில்லை. 1909 இல் ரங்காச்சாரியின் துணையுடன் ஏழு தொகுதிகளாக வெளிவந்த ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ நூலின் முன்னுரையில் அவரே ஒரு செய்தியைச் சொல்கிறார். வயநாட்டுப் பணியர் குலப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓட்டமெடுத்தனராம். தங்களுள் நல்ல உடற்கட்டுடையோரைப் பிடித்துப் பதப்படுத்திச் சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று அஞ்சினராம். தர்ஸ்டன் இதை நகைச்சுவையாகவே எழுதினார். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. செத்த காலேஜ் என்ற பெயருக்குள் ஒரு நியாயமான அச்சமும் இருந்தது போலும். ஒரு நிறுவனம் மக்களைப் பார்வையாளராகக் கருதுகிறதா, பார்வைப் பொருளாகக் கருதுகிறதா என்பதை அந்தப் பெண்கள் எழுத்தறியாமலே உணர்ந்திருந்தனர்.

பால்ஃபோரின் தொடர்பு சென்னையோடு முடியவில்லை. 1865 இல் பெங்களூரில் அரசு அருங்காட்சியகம் உருவானபோதும் அவர் பங்கு அதில் இருந்தது. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதி மக்களுக்குச் சென்னையை விட அதுவே அருகில் உள்ளது. வேலைக்கும் மருத்துவத்துக்கும் பெங்களூர் செல்லும் நம்மவர் எத்தனையோ பேர். அவர்கள் ஒருமுறையேனும் அங்குள்ள ஆத்தகூர்க் கல்லைக் காணுதல் வேண்டும். தக்கோலப் போரை ஒட்டி, சுமார் 949–950 இல் நடப்பட்ட கல் அது. காட்டுப்பன்றியோடு பொருது மாண்ட ‘காளி’ என்ற வேட்டை நாய்க்கு எடுத்த நினைவுக்கல். கல்லுக்கு வழிபாடு செய்யாமல் உண்ணும் பூசாரி அந்த நாயைக் கொன்ற பாவத்துக்கு ஆளாவான் என்று அதில் பொறித்திருக்கின்றனர். கல் இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூசாரி இல்லை, படையல் இல்லை. கல்லைக் காத்தோம், கல் கேட்ட உறவைக் காத்தோமா? இக்கேள்வியைக் கேட்காத அருங்காட்சியகக் கல்வி அரைகுறையானது.

கிருஷ்ணகிரிப் பகுதியில் அக்கேள்வி ஏட்டளவில் நிற்பதில்லை. இங்கே நடுகற்கள் மிகுதி. மரத்தடியிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் அவற்றை மக்கள் ‘வேடியப்பன்’ என்று வணங்குகின்றனர். பெருங்கற்காலக் கல்திட்டைகளைப் பாண்டவர் வீடு என்கின்றனர். கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் 1993 இல் தொடங்கப்பெற்றது. அப்போது இது தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 இல். அவ்வருங்காட்சியகமும், கிருஷ்ணகிரி மாவட்ட வரலாற்று ஆய்வு மற்றும் ஆவணப்படுத்தும் குழுவும் இணைந்து ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுகளையும் நடுகற்களையும் கண்டறிந்து நாளேடுகளில் அறிவித்து வருகின்றன. கல்லைப் பெயர்த்து வருவதினும், அது நிற்கும் ஊராருக்கே அதன் எழுத்தைப் படித்துக் காட்டுதல் மேலான கல்வி. தன் குலதெய்வம் எந்த மன்னன் காலத்தில் யாருடைய ஆநிரையை மீட்க விழுந்தவன் என்று ஓர் ஊர் அறியும்போது, அக்கல்லுக்குக் காவலர் தேவைப்படாது. 2022 இல் இம்மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என அறிவிக்கப்பட்ட பின் இளைஞரிடையே ஆர்வம் கூடியுள்ளது. அந்த ஆர்வம் வெறும் பெருமிதமாக நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் கடன்.

இங்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என நான்கு மொழிகள் ஒரே சந்தையில் புழங்கும் நிலம் இது. ஊர்ப்பெயர்களே காட்சிப்பொருள்கள். ‘பாரா மகால்’ என்பதில் ‘பாரா’ உருதுப் பன்னிரண்டு; ‘மகால்’ என்பது தங்குமிடத்தைக் குறிக்கும் அரபு ‘மஹல்’. 1792 இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரா மகால் கம்பெனியிடம் சென்றது. ஓசூரை உள்ளிட்ட மேட்டுநிலம், ‘பாலாகாட்’, 1799 இல் திப்பு சுல்தான் ஷஹீதான பின்னரே சென்றது. ‘பாலா’ என்பது பாரசீகத்தில் ‘மேல்’. ஆகவே ஜவளகிரி மாணவன் தன் மண்ணின் வரலாற்றை ஒரு மொழி கொண்டு மட்டும் படிக்க இயலாது. பெயர்ப்பலகை ஒரு மொழியில் இருக்கலாம். விளக்குபவரின் நா நான்கிலும் புரளவேண்டும்.

2022 ஆகஸ்டில் பிராகா நகரில் கூடிய பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவை, அருங்காட்சியகம் என்பதன் வரையறையைத் திருத்தி, சமூகங்களின் பங்கேற்பை அதனுள் சேர்த்தது. புதிய கண்டுபிடிப்பன்று அது. நவாபின் விலங்குகள் எழும்பூருக்கு வந்தபோதே சமூகம் பங்கேற்றுவிட்டது. இப்போது பங்கேற்பு என்பது தருவதோடு நில்லாமல், சொல்வதையும் தழுவவேண்டும் என்பதே வேறுபாடு. கெய்ரோவில் 1884 இல் அரபுக் கலைக்கூடம் தொடங்கியபோது அல்ஹாகிம் பள்ளிவாசல் வளாகத்திலேயே அதற்கு இடம் தரப்பட்டது. நம் பகுதிப் பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் உள்ள பழைய ஏடுகள், வக்ஃபுப் பத்திரங்கள் ஆகியவற்றைப் படியெடுத்துத் தர அரபுக் கல்லூரி மாணவர் முன்வந்தால், மாவட்ட அருங்காட்சியகம் வேறெங்கும் பெற இயலாத துணையைப் பெறும். பாரசீகம் படிக்கத் தெரிந்தோர் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றனர் என்பதால் இதில் காலத்தாழ்வு கூடாது.

கல்வி வேண்டுவோர் காட்சிப்பெட்டியிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பதுமில்லை. பனிக்காலத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி வனத்துக்கு யானைக்கூட்டம் இறங்கும் வேளையில், கேழ்வரகுக் கொல்லையில் விடிய விடியக் காவலிருப்பவனுக்கு உயிர் காலேஜ் வாசலிலேயே இருக்கிறது. அவன் வீட்டுத் திரிகையை எடுத்துக்கொள்வோம். தமிழில் திரிகை, கன்னடத்தார் ராகிக்கல்லு என்பர், தெலுங்கர் திருகலி என்பர், உருதில் சக்கி, அரபில் ரஹா. மின் அரவை வந்தபின் அது கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அருங்காட்சியகம் செல்லும் நாளில் அவர்களுடன் ஒரு பாட்டியையும் அழைத்துச் சென்று, முளைக்குச்சியை எப்படிச் செருகுவது, தானியத்தை எத்தனை கைப்பிடி இடுவது, அரைக்கும்போது எந்தப் பாட்டு எந்த மொழியில் வரும் என்று அவரையே சொல்லச் செய்யலாம்.